மானிட்டரில் ஒரு கறை

"இதுலயும் இருக்கு பத்மா," என்றார் என் கணவர்.

டவுன்ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில், குறுகலான மாடிப்படி ஏறிப் போகிற ஒரு கம்ப்யூட்டர் கடை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே ஏசி குளிரும், புது அட்டைப்பெட்டி வாசமும். சுவரோரம் மானிட்டர்களை வரிசையாக நிறுத்தி, எல்லாவற்றிலும் ஒரே கிளியையும் ஒரே அருவியையும் ஓடவிட்டிருந்தார்கள்.

என் கணவர் தவமணிக்குக் கிளியும் வேண்டாம், அருவியும் வேண்டாம். "வெறும் வெள்ளையப் போடுங்க," என்று கேட்டு வாங்கினார். நாற்காலியை இழுத்துப் போட்டு, திரைக்கு நேராக உட்கார்ந்து, கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"நடுவுக்குக் கொஞ்சம் கீழ. இடது பக்கம். புகை புடிச்ச மாதிரி ஒரு கறை. அப்புறம் மொத்தமாவே மஞ்சளடிக்குது."

கடைக்காரர் யூசுப் பொறுமைசாலி. குனிந்து பார்த்தார். கைக்குட்டையால் துடைத்தார். மறுபடி குனிந்து பார்த்தார்.

"அண்ணே, உங்க கண்ணு முன்னாடிதானே பெட்டி சீலை உடைச்சேன். புது பீஸுண்ணே. ஒரு கறையும் இல்ல."

"இருக்கே, யூசுப்."

அதற்கு முன்னால் பார்த்த மானிட்டர்களிலும் இதே புகார்தான். முதல் மானிட்டரில் சொன்னபோது யூசுப்பே சந்தேகப்பட்டு அதை ஓரமாக எடுத்து வைத்தார். அடுத்ததில் சொன்னபோது கேபிளை மாற்றினார். அதற்கும் அடுத்ததில் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்கிற பழமொழி அவர் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது.

எனக்கு எரிச்சலாக வந்தது. வீட்டில் வேலை குவிந்து கிடக்கிறது. இந்த மனுஷன் கடை கடையாக ஏறி, விற்கிற சாமானில் எல்லாம் கறை கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்.

தோலுக்கு ஒரு ஆள்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு எங்கள் பிழைப்பு தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாண வீடுகளில் படம் எடுக்கிற ஸ்டுடியோக்காரர்கள் படங்களை எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து அவற்றைத் திருத்தி, ஆல்பமாக அடுக்கி, அச்சுக்கு அனுப்புவோம். பக்கம் அடுக்குவது, பின்னணியை வெட்டுவது, பெயர் எழுதுவது எல்லாம் நான். நிறம் மட்டும் அவர்.

அப்படி நாங்கள் பங்கு பிரித்துக்கொள்ளவில்லை. அதுவாக அமைந்தது. ஒரு கலர் லேபில் இருவரும் வேலை பார்த்தபோதே, படத்தில் தோல் நிறத்துக்கு அவர்தான் என்று பெயர் வந்துவிட்டது. "தோலா? தவமணிகிட்ட குடு," என்பார்கள்.

கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவருக்கு. அப்பாவும் அம்மாவும் ஊரார் வயலில் கூலி வேலை செய்தவர்கள். நான் மதுரைக்குள்ளேயே பிறந்த சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். எங்கள் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று மதுரைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோபம் வந்தால் எனக்குத் தமிழ் போய், வீட்டு மொழி வந்துவிடும். இத்தனை வருஷத்தில் அவருக்கு அதில் திட்டு மட்டும்தான் புரியும்.

கல்யாணப் படத்தில் பெண்ணை வெள்ளையாக்கிக் கொடு என்று கேட்பது எங்கள் தொழிலில் சாதாரணம். "கலரைக் கொஞ்சம் தூக்கி விடுங்க" என்பார்கள். இவர் தூக்க மாட்டார்.

காரணம் உண்டு. இவருடைய தங்கச்சி கல்யாணத்துக்குப் படம் எடுத்த ஸ்டுடியோவில், அந்தப் பிள்ளையின் முகத்தை மட்டும் மாவு பூசிய மாதிரி வெளுத்துக் கொடுத்துவிட்டார்கள். கை இரண்டும் உள்ளபடி கறுப்பாகவே இருந்தன. ஊரே ஆல்பத்தை வாங்கிப் பார்த்துச் சிரித்தது. தங்கச்சி அதைப் பீரோவுக்கு மேல் தூக்கிப் போட்டவள், இன்றுவரை இறக்கவில்லை.

"கறுப்பா இருக்க புள்ளையக் கறுப்பாவே அழகாக் காட்டத் தெரியலைன்னா இந்தத் தொழிலு எதுக்கு?" என்று இவர் கேட்பார். வெளிச்சத்தைத் தூக்குவார், நிறத்தைத் தொட மாட்டார். கன்னத்தில் பூசிய மஞ்சள் மினுங்கும். மூக்குத்தி நிழல் தெரியும். பெண் வீட்டார் முதலில் முகத்தைச் சுளிப்பார்கள். பிறகு, "இதுதாண்டி நம்ம புள்ள," என்று ஆல்பத்தை மடியில் வைத்துக்கொள்வார்கள்.

அந்த ஒரு கெட்டிக்காரத்தனத்துக்காகத்தான் மேலூர், அலங்காநல்லூர், டி. கல்லுப்பட்டி என்று எல்லாப் பக்கமிருந்தும் எங்களுக்கு வேலை வந்தது. மதுரையில் எங்களை விடச் சீக்கிரமாக முடித்துத் தருகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். தோல் நிறத்துக்கு இவர் ஒருவர்தான்.

நீலம் பாரித்த பெண்கள்

முதல் புகார் மேலூர் சேகர் அண்ணனிடமிருந்து வந்தது. எங்களுக்கு அதிகம் வேலை கொடுக்கிற ஸ்டுடியோ அவருடையதுதான். அவர் வேலை நின்றால் எங்கள் அடுப்பும் பாதி நின்றுவிடும்.

போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவோம். இருவரும் வேலை பார்த்துக்கொண்டே கேட்க அதுதான் வசதி.

"தவமணி, கோவிச்சுக்கிராதப்பா. பொண்ணு வீட்டுல ஆல்பத்தத் தூக்கி எறிஞ்சுட்டாக. முகமெல்லாம் நீலம் பாரிச்சுக் கெடக்குதாம். பாம்பு கடிச்ச பொணம் மாதிரி இருக்குன்னு பொண்ணோட அத்தக்காரி சபைல வச்சுச் சொல்லிப்புட்டா."

இவருக்கு முகம் சுண்டிப்போனது. "அச்சுல தப்புண்ணே," என்றார். வேறு அச்சகத்தில் கொடுத்துப் பார்த்தோம். அங்கிருந்தும் அதே நீலம் வந்தது. அடுத்த கல்யாணத்திலும் நீலம். மாப்பிள்ளை, பெண், பந்தியில் சாப்பிடுகிற கிழவர் எல்லோரும் பாடையிலிருந்து எழுந்து வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

எனக்குத் திரையிலேயே நீலமாகத்தான் தெரிந்தது. இதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எங்களிடம் இருந்தது பழைய மானிட்டர். நேராக உட்கார்ந்து பார்த்தால் ஒரு நிறம், பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னொரு நிறம். அவர் நேராக உட்கார்ந்திருப்பார். நான் பக்கத்து ஸ்டூலில் இருப்பேன்.

"கொஞ்சம் நீலமா இல்ல?" என்று கேட்டேன்.

"ஆங்கிள் புள்ள. நீ அங்கருந்து பாக்குற. இங்கருந்து பாத்தா மஞ்சளாத்தான் இருக்கு."

என் அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். நிறம் பார்க்க எனக்கும் தெரியும். ஆனாலும் நிறத்தில் இவர் சொல்லுக்கு மேல் சொல்ல எனக்கு வாய் வராது. சரி, ஆங்கிள்தான் என்று நானும் நம்பினேன்.

கடைசியில் சேகர் அண்ணனே ஒரு முடிவுக்கு வந்தார். "உன் மானிட்டரு போயிருச்சு தவமணி. அது மஞ்சளாக் காட்டுது. அத நம்பி நீ நீலத்த ஏத்துற. மானிட்டர மாத்து. அடுத்த முகூர்த்தத்துல பெரிய எடத்துக் கல்யாணம் வருது. அதுவும் இப்புடி ஆச்சுன்னா எனக்கு வேற வழி இல்லப்பா. வேற ஆள்கிட்டதான் குடுக்கணும்."

சாம்பல் அறை

உடனே மானிட்டர் வாங்கிவிடவில்லை. நல்ல மானிட்டர் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கல்யாணச் செலவு. அதனால் முதலில் அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று இவர் தேட ஆரம்பித்தார்.

எதிர்வீட்டுக்காரர் சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார். அந்த வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து விழுகிறது என்று ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடினோம். மஞ்சள் போகவில்லை. டியூப்லைட்டை மாற்றினோம். அப்போதும் போகவில்லை. பச்சை அடித்திருந்த அறைச் சுவர்களுக்குச் சாம்பல் நிறம் அடித்தோம். நிறம் பார்க்கிற அறையில் வேறு நிறமே இருக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் உண்மையான விதிதான். நாங்கள்தான் அதுவரை கண்டுகொள்ளாமல் இருந்தோம்.

அதற்குப் பிறகு என் சேலைக்கு வந்தார்.

"நீ கிளிப்பச்சையக் கட்டிக்கிட்டு பக்கத்துல உக்காந்தா அது ஸ்கிரீன்ல அடிக்குது பத்மா."

நான் வீட்டு மொழியில் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். அப்புறம் போய்ச் சாம்பல் நிறத்தில் நைட்டி வாங்கி வந்தேன். நிறத்துக்கே பிறந்த ஊர் எங்கள் ஊர். சித்திரை மாதம் தெருவில் இறங்கினால் கண் கூசும். அந்த ஊரில் நான் மட்டும் சிமென்ட் மூட்டை மாதிரி வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தேன்.

ஊரிலிருந்து வந்த என் மாமியார் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னத்தா இது கோலம்? பூட்டுன சன்னலு, சாம்பச் செவரு, நீயும் சாம்பலு. எழவு வீடு மாதிரில்ல இருக்கு. எவன் செத்துட்டான் இங்க?"

"யாரும் சாகலத்தே. உங்க மகனுக்கு மஞ்சள் தெரியக் கூடாதாம்."

சொல்லிவிட்டு நானும் மாமியாரும் சிரித்தோம். இவரும் சிரித்தார். மஞ்சள் மட்டும் போகவில்லை. அதோடு இப்போது திரையில் புகை மாதிரி ஒரு கறையும் சேர்ந்துகொண்டது. பழைய மானிட்டர் செத்தே போய்விட்டது என்று இவர் முடிவு கட்டினார்.

கண் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டோம். நிறத்தை வைத்துச் சோறு தின்கிறவர்களுக்கு மட்டும்தான் இந்தப் புத்தி வரும். வேறு யாராவது என்றால் முதல் வாரமே கண்ணைக் காட்டியிருப்பார்கள்.

இத்தனைக்கும் இவருக்குச் சர்க்கரை உண்டு. "நம்ம தெருவுல யாருக்கு இல்ல?" என்பார். ஞாபகம் வந்தால் மாத்திரை போடுவார். டீக்கடையில் மட்டும் சீனி குறைத்துப் போடச் சொல்ல வெட்கம்.

எந்த மானிட்டர் வாங்கலாம்?

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். இந்தத் தொடரைப் படித்துவிட்டு எனக்கு எழுதுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான். படம் திருத்த எந்த மானிட்டர் வாங்கலாம் என்கிறார்கள்.

கடையில் ஓடுகிற கிளியை நம்பாதீர்கள். எந்தக் கிளியும் எந்த மானிட்டரிலும் அழகாகத்தான் இருக்கும். நீங்களே திருத்தி, நீங்களே அச்சடித்த ஒரு படத்தைக் கையோடு கொண்டு போங்கள். அதே படத்தைத் திரையில் திறந்து, அச்சுத்தாளைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். முகத்தைப் பாருங்கள். மனிதத் தோலில் பொய் சொல்லாத மானிட்டர் மற்றதிலும் சொல்லாது.

கடையில் வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்திருப்பார்கள். பாதிக்கும் கீழே இறக்கச் சொல்லுங்கள். ஏற்றி வைத்துத் திருத்தினால் அச்சு இருட்டாக வரும், அப்புறம் அச்சகத்துக்காரரோடு சண்டை போடுவீர்கள். கண்ணாடி மாதிரி பளபளக்கிற திரையில் உங்கள் முகம்தான் தெரியும். மங்கல் திரை நல்லது. கறுப்புப் பட்டுச் சேலை உள்ள படத்தைத் திறந்து, மடிப்புக்குள் நூல் தெரிகிறதா என்று பாருங்கள். விளையாட்டுக்காக விற்கிற மானிட்டரின் வேகம் நமக்கு எதற்கும் உதவாது.

எழுந்து நின்று, வலப்பக்கம் போய், இடப்பக்கம் போய்ப் பாருங்கள். நிறம் மாறினால் வைத்துவிட்டு வாருங்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் இவர்தான். ஒன்றை மட்டும் நானாகச் சேர்த்துக்கொள்கிறேன். கடைக்குப் போவதற்கு முன்னால் கண்ணைக் காட்டிவிட்டுப் போங்கள்.

பொட்டு

கடைக்குத் திரும்புகிறேன்.

யூசுப் அடுத்த மானிட்டரைத் திறந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "இதுதாண்ணே கடையில இருக்கறதுலயே ஒசத்தி. இதுலயும் கறைன்னா நான் கடைய மூடிட்டுப் போறதத் தவிர வேற வழி இல்ல."

வெள்ளைத் திரை. இவர் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"இருக்கு யூசுப்."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "எங்க? எந்த எடத்துல? கைய வச்சுக் காட்டுங்க," என்றேன்.

அவர் விரலை நீட்டி ஓர் இடத்தைத் தொட்டார். நான் அங்கே கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். சுத்தமான வெள்ளை. சண்டையை முடித்துவிட வேண்டும் என்று, நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த இடத்தில் ஒட்டினேன்.

"அக்கா, புது பீஸுக்கா!" என்று யூசுப் பதறினார்.

"இருங்க தம்பி. இந்தாங்க, இதுதானே எடம்? பொட்டுக்கு அடியில இருக்குல்ல? இப்ப இவர் தொடச்சுக் காட்டட்டும்."

இவர் பொட்டைப் பார்த்தார். "இல்ல. இங்க இல்ல. இப்ப கீழ இருக்கு." விரல் பொட்டுக்குக் கீழே, இடது பக்கமாகப் போய் நின்றது.

பொட்டை உரித்து அங்கே ஒட்டினேன். அவர் பார்வை பொட்டுக்கு வந்தது. "இல்ல பத்மா. இன்னும் கீழ போயிருச்சு."

யூசுப் சிரித்துவிட்டார். "என்னண்ணே, கறை நடக்குதா?"

அவரோடு சேர்ந்து இவரும் சிரிக்க வாயைத் திறந்தார். அப்படியே நிறுத்திக்கொண்டார். நானும் அந்த நேரத்தில்தான் புரிந்துகொண்டேன். கறை பொட்டை விட்டு ஓடவில்லை. இவர் பார்வை போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போகிறது.

மானிட்டர்களுக்குப் பின்னால் கடைச் சுவர் வெள்ளையடித்து இருந்தது. அதைக் காட்டினேன்.

"அந்தச் செவத்தப் பாருங்க."

வெகுநேரம் பார்த்தார். ஒரு கண்ணைக் கையால் மூடிப் பார்த்தார், கை மாற்றி அடுத்த கண்ணை மூடிப் பார்த்தார்.

"செவத்துலயும் இருக்கு," என்றார்.

யூசுப் சிரிப்பை நிறுத்திவிட்டார். போய் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து வந்து இவர் கையில் கொடுத்தார். அதற்காக இன்றைக்கும் அவரை எனக்குப் பிடிக்கும்.

நான் திரையிலிருந்து பொட்டை எடுத்தேன். பசை போயிருந்தது. நெற்றியில் ஒட்டவில்லை.

கண் ஆஸ்பத்திரி

இதை எழுதலாமா என்று இவரிடம் கேட்டேன். "எழுது. இனிமே மறைச்சு என்ன ஆகப் போகுது? படிக்கிறவுக 'ஐயோ பாவம்'னு சொல்ற மாதிரி மட்டும் எழுதிப்புடாத," என்றார். முயற்சி செய்கிறேன்.

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, பாவை விரிகிற வரை கண்ணை மூடி உட்காரச் சொன்னார்கள். பெஞ்சு நிறைய இவரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு மனிதர்கள். பக்கத்தில் கண் திறந்தபடி ஒரு மனைவியோ மகனோ. கேன்டீனிலிருந்து பொங்கல் வாசம் வந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த வாசம் இப்போதும் ஆகாது.

டாக்டரம்மா கருவியை விட்டு நிமிர்ந்து, "சர்க்கரை எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டார். இவர் சொன்னார். "கண்ணைக் காட்டினதே இல்லையா?"

சர்க்கரை விழித்திரைக்குப் போய்விட்டது. உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. நடுவில் வீக்கம். ஒரு கண்ணில் அதிகம், மற்றதில் ஆரம்பித்துவிட்டது. லேசர் வைக்கலாம், கண்ணுக்குள் ஊசி போடலாம். மேற்கொண்டு போகாமல் தடுக்கப் பார்க்கலாம். போனது போனதுதான் என்பதைத்தான் அவர் பதமாகச் சொன்னார்.

"நீலம், மஞ்சள் எல்லாம் குழப்புதா?" என்று கேட்டார்.

"மஞ்சளா இருக்கும்மா. எல்லாமே."

"என்ன வேலை பார்க்கிறீங்க?"

"போட்டோவுக்குக் கலர் பாக்குறது."

டாக்டரம்மா சீட்டில் எழுதிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இவரை ஏன் பார்க்கவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு நினைத்துக்கொண்டேன், இவரைப் பார்த்து என்ன சொல்வது?

வெளியே வந்து கறுப்புக் கண்ணாடியோடு நின்றார். ஆட்டோ பிடிக்கப் போன என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சேகர் அண்ணனுக்குத் தெரிய வேணாம். யாருக்கும் வேணாம். கண்ணு போனவன்கிட்ட எவன் கலர் குடுப்பான்?"

"தெரிஞ்சா என்ன? அவுக நல்லவுகதான."

"நல்லவுகதான். பாவம்னு ரெண்டு கல்யாணம் குடுப்பாக. அப்புறம்?"

நான் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன்.

பக்கத்திலிருந்து பார்த்தாலும்

ஊசி போட்டார்கள். லேசர் வைத்தார்கள். கட்டுப் போட்ட நாட்களில் சேகர் அண்ணன் போன் செய்தார். "மானிட்டர் வாங்கிட்டியா? படம் வந்துருச்சுப்பா."

"வாங்கப் போறேண்ணே," என்றார் இவர்.

மறுபடி யூசுப் கடைக்குப் போனோம். இந்தத் தடவை இவர் வெள்ளைத் திரை கேட்கவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார்.

"பக்கத்துல உக்காந்து பாத்தாலும் கலர் மாறக் கூடாது. அப்புடி எது இருக்கு?"

யூசுப் ஒன்றைக் காட்டினார். இவர் என்னை ஸ்டூலில் பக்கவாட்டாக உட்கார வைத்தார். எங்கள் வீட்டில் நான் உட்காருகிற அதே தூரம். "மாறுதா?" என்றார். மாறவில்லை என்றேன். "இன்னும் தள்ளிப் போ. இப்ப?" மாறவில்லை. அதையே எடுத்துக்கொண்டோம்.

ஏன் அதைக் கேட்கிறார் என்று அப்போது நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

வீட்டில் புது மானிட்டரை மேசையில் வைத்து, பெரிய இடத்துக் கல்யாணத்தின் முதல் படத்தைத் திறந்தோம். பெண் நல்ல கறுப்பு. களையான முகம். மஞ்சள் பூசிக் குளித்து, தலைமுடி ஈரம் காயாமல் நலுங்குக்கு உட்கார்ந்திருக்கிறாள். இவர் கைக்கென்றே பிறந்த முகம் அது.

இவர் நாற்காலியில் உட்கார்ந்து மவுசைப் பிடித்தார். பழைய வேகம் இல்லாவிட்டாலும் கை தடுமாறவில்லை. வெளிச்சத்தைத் தூக்கினார். கன்னத்துக்கு வந்தார். முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டு போனார். நீலத்தைக் கொஞ்சம் ஏற்றினார். இன்னும் கொஞ்சம்.

பெண் முகத்திலிருந்து மஞ்சள் போய்க்கொண்டிருந்தது. நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உயிர் போகிறதைப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று தெரியும். திறக்காவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும்.

"போதுங்க," என்றேன்.

"இன்னும் மஞ்சள் இருக்கே?"

"இல்லங்க. நீலமாயிருச்சு."

மவுஸ் நின்றது. திரையைப் பார்த்தபடியே கேட்டார்: "ஆங்கிளா?"

"இல்லங்க."

அவர் மவுசிலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் எழுந்தார்.

"நீ உக்காரு."

"நீங்க சொல்லுங்க, நான் செய்யிறேன்."

"சொல்லத் தெரியாது புள்ள. பாத்துத்தான் செய்வேன். நீ பாத்துச் செய்யி."

அவர் ஸ்டூலுக்கு மாறினார். நான் நாற்காலிக்கு மாறினேன். நீலத்தை இறக்கினேன். மஞ்சள் ஏறி வந்தது. கன்னம், கழுத்து, கை எல்லாம் ஒரே பெண்ணாக ஆயின. இவர் அவ்வப்போது கேட்டுக்கொண்டே இருந்தார். "மூக்குத்தி நிழலு தெரியுதா? கையும் முகமும் ஒண்ணா இருக்கா?" நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த ஆல்பம் முழுவதையும் அப்படித்தான் முடித்தோம்.

அது அச்சாகிப் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு சேகர் அண்ணன் கூப்பிட்டார். போன் வழக்கம்போல ஸ்பீக்கரில் இருந்தது.

"தவமணி! பின்னிட்டடா! பொண்ணோட அம்மா ஆல்பத்தக் கட்டிப் புடிச்சு அழுகுது. பழைய கையி திரும்பிருச்சுப்பா. நாந்தான் அப்பவே சொன்னேன்ல, மானிட்டருதான்னு!"

நான் வேலையை நிறுத்திவிட்டு இவரைத் திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சேகர் அண்ணனுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக, "ஆமாண்ணே, மானிட்டருதான். நல்ல மானிட்டரு அமைஞ்சிருச்சு," என்றார்.

என்னைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார். கறை நடுவுக்கு வந்துவிட்டது, நேரே பார்த்தால் இப்போது என் முகம் அவருக்குத் தெரிவதில்லை. அதனால் என் தோளுக்கு வெளியே, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தபடி சொன்னார்.